சீட்டில் எழுதிய மருந்தும் ஊசியில் ஏறிய மருந்தும்

கண்ணு,

திங்கட்கிழமை நீ ரயில் ஏறப் போகிறாய். பேப்பரில் சென்னை என்று எழுதுகிறார்கள், என் வாயில் இன்னும் மெட்ராஸ்தான் வருகிறது. அங்கே தீக்காய வார்டுக்கு மருந்து வாங்குவது, கொடுப்பது எல்லாவற்றையும் நீ பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் சொல்லச் சொல்லத் தான் எழுதித் தருவதாக உன் அப்பா சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். வலது கை விரல்களில் தோல் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது, நாலு வரி எழுதினால் கொஞ்ச நேரம் விரலை நீட்டி மடக்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் இதை நானே எழுதத்தான் ஆசை. மெஸ்ஸில் மத்தியானக் கூட்டம் போனபிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுத்து ஏறியும் இறங்கியும் இருக்கும், பொறுத்துக்கொள்.

நடந்தது உனக்குத் தெரியாததில்லை. ஆனால் நீ பார்த்தது மருந்து ஜன்னலுக்கு உள்ளேயிருந்து, நான் பார்த்தது கட்டிலில் படுத்தபடி. என் பக்கத்துக் கதையை முழுசாக உன்னிடம் நான் சொன்னதே இல்லை. முகத்துக்கு நேராக மகனைப் புகழ்ந்து பேச நம் வீட்டில் யாருக்கும் வராது. உன் அப்பாவுக்கு உன்மேல் பெருமை பொங்கினால், "பைக்குக் காத்து அடிச்சியா?" என்று கேட்பார். நான் இன்னொரு தோசை போடுவேன். ஊரை விட்டுப் போகிற நேரத்திலாவது அதை வார்த்தையாகத் தர வேண்டாமா?

எனக்குத் தீப்பட்ட வருசம்தான் நீ படிப்பை முடித்துக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தாய். பெரியநாயக்கன்பாளையத்தில் நம் மெஸ் அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் கம்பெனி ஆட்கள் சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் போண்டாவுக்கு வந்து நிற்பார்கள். எண்ணெய் காய வேண்டுமென்று பம்ப் ஸ்டவ்வை அடித்துக்கொண்டிருந்தேன். துளை அடைத்துக்கொண்டு, சட்டென்று தீ பக்கவாட்டில் பீறிட்டது. நான் கட்டியிருந்தது நைலக்ஸ் சேலை. அது எரியவில்லை, உருகி உடம்போடு ஒட்டிக்கொண்டது. அதே கம்பெனியில் உன் அப்பாவுக்கு அன்றைக்குக் காலை ஷிப்ட், அதனால் வீட்டில் இருந்தார். ஓடி வந்து, குடிதண்ணீர் டிரம்மைச் சாய்த்து என்மேல் ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். கூடியவர்கள் மாவைப் பூசு, இங்க்கை ஊற்று என்றார்கள். "ஆரும் கிட்ட வராதீங்க, தண்ணி மட்டும் கொண்டாங்க" என்று அவர் போட்ட சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு கம்பெனி வேனில் படுத்திருந்ததும், துடியலூர் தாண்டும்போது குளிர் எடுத்ததும்தான் நினைவில் இருக்கிறது.

நீ எப்படித் தெரிந்துகொண்டாய் என்பதை அப்பா சொல்லித்தான் நான் அறிந்தேன். என்னைச் சேர்த்தது நீ வேலை செய்த அதே ஆஸ்பத்திரியில்தான், ஆனால் உனக்குப் போன் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. வார்டிலிருந்து மருந்துச் சீட்டு உன் ஜன்னலுக்கு வந்தது. தலைப்பில் என் பெயர், வயசு, ஊர். நீட்டியவர் உன் அப்பா. நீ அவரை நிமிர்ந்து பார்த்தாயாம். சீட்டில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து, பெயரைப் பார்த்து, தேதியைப் பார்த்து, பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, "நீங்க முன்னால போங்கப்பா, மாத்தறதுக்கு ஆள் சொல்லீட்டு வாரேன்" என்றாயாம். மாடிக்கு வந்ததும் அந்தப் பையை அவரிடமிருந்து வாங்கி, ஒவ்வொன்றையும் மறுபடி எடுத்துப் பெயரும் தேதியும் பார்த்தாயாம். அப்பா இதை என்னிடம் பல தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் நான் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பேன்.

என் பக்கத்துக் கட்டிலில் சரோஜா இருந்தாள். ஆனைமலைப் பக்கத்துப் பெண், சின்ன வயசு, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். அவளுக்கும் ஸ்டவ்தான். அவள் புருசன் ரங்கசாமி தேங்காய் நார் மில்லில் வேலை செய்பவர். அந்த வார்டில் தினமும் காலையில் டாக்டரம்மா பார்த்துவிட்டுப் போனதும், ஒவ்வொரு கட்டிலுக்கும் அன்றைக்கு வேண்டிய மருந்துச் சீட்டு வரும். புண்ணில் பூச வெள்ளி சேர்ந்த வெள்ளைக் களிம்பு, நரம்பில் ஏற்றும் பாட்டில், கிருமிக்கு ஊசி, வலிக்கு ஊசி, கட்டுத் துணி. சொந்தக்காரர்கள் கீழே போய் வாங்கி வர வேண்டும். எனக்காக உன் அப்பா மெஸ்ஸில் இருந்த பெரிய கிரைண்டரை விற்றார். ரங்கசாமியிடம் விற்க எதுவும் இல்லை. மில்லில் முன்பணம் வாங்கியதும் தீர்ந்துவிட்டது.

ஒருநாள் அவர் உன் ஜன்னலுக்கு வந்ததை நீதான் பிறகு சொன்னாய். சீட்டை நீட்டி, "தம்பி, இதுல எது முக்கியமுன்னு பாத்து அது மட்டும் குடுங்க சாமி" என்று கேட்டார். எல்லாமே டாக்டர் எழுதியதுதானே, எதை வேண்டாமென்று நீ சொல்ல முடியும்? அவர் தயங்கித் தயங்கித் தானே முடிவு செய்தார். "வலி ஊசி வேண்டாமுங்க. அவ தாங்கிக்குவாளுங்க." கிருமி ஊசியிலும் ஒரு வேளைக்கு மட்டும் வாங்கினார். களிம்பில் சின்னக் குழாய். நீ எடுத்துக் கொடுத்தாய்.

மறுநாள் கட்டு மாற்றுகிற நேரத்தில் எனக்குக் களிம்பு கொடுக்க நீயே மேலே வந்தாய். பழைய துணியைப் பிரிக்கும் நேரம் இருக்கிறதே, அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு அதற்கு முன்னால் ஊசி போட்டுவிடுவார்கள், ஏதோ தூரத்தில் யாருக்கோ வலிப்பதுபோல் இருக்கும். சரோஜாவுக்கு அந்த ஊசி இல்லை. அவள் கத்தியதைக் கேட்டு நீ கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாய். அந்த வலி ஊசி எதற்கு என்று ரங்கசாமிக்கு யாரும் சொல்லவில்லை. ராத்திரி தூங்குவதற்கு என்று நினைத்திருக்கிறார். நீ என்னிடம் வந்து, என்னைப் பார்க்காமல், "இதுக்குத்தானுங்களாம்மா அந்த ஊசி?" என்று கேட்டாய். புத்தகத்தில் படித்தவன்தான் நீ. அன்றைக்குத்தான் அதைக் காதால் கேட்டாய். உன் முகத்தைப் பார்த்தபோது, இவன் இதை இப்படியே விடமாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ அன்றைக்கு மத்தியானமே டாக்டரம்மாவைப் பிடித்தாய். என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்று பேசினீர்கள், அதனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். அவரைக் கண்டால் நர்சுகள்கூட ஒதுங்கி நிற்பார்கள். நீ சேர்ந்து ஒரு வருசம் ஆகவில்லை.

"மேடம், ஒண்ணு சொல்லோணுங்க. நீங்க சீட்டுல எழுதற மருந்து வேறயா இருக்குது, ஊசியில ஏறற மருந்து வேறயா இருக்குது."

"என்ன சொல்றே?"

"பாதிப்பேரு பாதிதான் வாங்கறாங்க. கிருமி ஊசிய ஒரு நாள் வாங்கறாங்க, ஒரு நாள் உடறாங்க. வலி ஊசியத்தான் மொதல்ல வேண்டாங்கறாங்க. உங்ககிட்டச் சொல்ல வெக்கப்பட்டுட்டு ஜன்னல்ல எங்கிட்டச் சொல்றாங்க."

அவர் கோபப்படுவார் என்று நான் பயந்தேன். அவர் சரோஜாவின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நான் எழுதினதெல்லாம் போகுதுன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். மருந்து கேக்கலையேன்னு இன்னும் பெரிய மருந்தா எழுதீட்டு இருந்தேன்" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. கடைசியில், "நாளையிலிருந்து நான் பார்க்க வரும்போது நீயும் கூட வா" என்றார்.

அடுத்த நாளிலிருந்து நீங்கள் இருவரும் கட்டில் கட்டிலாக வந்தீர்கள். இது இன்றைக்கு அவசியமா, இதை நிறுத்தலாமா, வாயால் சாப்பிட முடிகிறவருக்குப் பாட்டில் எதற்கு என்று நீ கேட்பாய். அவர் யோசித்துச் சொல்வார். சில சமயம் "இது கட்டாயம் வேணும், இதுல கைவைக்காதே" என்பார், நீ உடனே சரி என்பாய். ஒரே மருந்தை ஏழெட்டுக் கம்பெனி ஏழெட்டுப் பெயரில் விற்கிறது என்பதையும், அதில் தரம் நம்பக்கூடியது, விலை குறைந்தது எது என்பதையும் நீ தேடி வைத்திருந்தாய். ஆளுக்கொரு குழாயாக வாங்கிய களிம்பை வார்டுக்கே பெரிய ஜாடியாக வாங்க வைத்தாய். ஜாடிக்குள் எல்லோரும் கைவிட்டால் ஒருவர் கிருமி இன்னொருவருக்குப் போகும் என்று டாக்டரம்மா தயங்கினார். சுத்தம் செய்த கரண்டியால் நர்ஸ் மட்டும் எடுத்து, கட்டிலுக்கொரு கிண்ணத்தில் வைப்பது என்று முடிவானது. எங்களுக்கு மேலே பூசுகிற களிம்பு அன்றிலிருந்து கனமாக இருந்தது. அந்தக் குளிர்ச்சியை அனுபவித்தவர்களுக்குத்தான் அது தெரியும். மற்றதில் மிச்சமாகும் காசில் வலி ஊசி வாங்க வேண்டும், அது எந்தக் கட்டிலுக்கும் நிற்கக்கூடாது என்றும் டாக்டரம்மா உத்தரவு போட்டுவிட்டார்.

இதெல்லாம் சும்மா நடந்துவிடவில்லை. மருந்து விற்பனை குறைந்தது என்று மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு, "நீ விக்கறதுக்கு இருக்கறயா, விக்காம இருக்கறதுக்கு இருக்கறயா?" என்று கேட்டாராம். நீ அவரிடம், "காசு தீந்து நோயாளி பாதியில ஊட்டுக்குப் போயிட்டா நமக்கு ஆளும் இல்ல, விக்கறதும் இல்லீங்களே சார். இருந்து கொணமாகிப் போனா நாலு பேர அனுப்புவாங்க" என்றாயாம். அவர் சிரித்துவிட்டாராம். வேலை போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பிறகு கேட்டேன். "போண்டா போட்டிருப்பேனுங்கம்மா" என்றாய். அந்தப் பதிலைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சில் புதுத் தோல் இழுத்தது, இருந்தாலும் சிரித்தேன்.

இனி சொல்லப்போவதுதான் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது. கொஞ்ச நாளில் எனக்குக் காய்ச்சல் கண்டது. விட்டு விட்டு நடுக்கம். பொள்ளாச்சியிலிருந்து உன் பெரிய மாமா வந்திருந்தார். என் அண்ணனுக்குத் தோப்பு இருக்கிறது, கையில் பணம் இருக்கிறது, என்மேல் உயிரையே வைத்திருப்பவர். யாரோ அவரிடம் புதிதாக ஒரு ஊசி வந்திருக்கிறது, விலை எக்கச்சக்கம், போட்டால் எந்தக் கிருமியும் நிற்காது என்று சொல்லியிருக்கிறார்கள். வெளிக்கடையில் ஒரு பெட்டியே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். டாக்டரம்மா என் புண்ணைப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. புண்ணிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மூச்சும் ரத்த அழுத்தமும் சரியாக இருப்பதால் முடிவு வரும் வரை பொறுக்கலாம், மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்போம், கொஞ்சம் மோசமானாலும் உடனே ஊசியைத் தொடங்குவோம் என்றார். நீயும் அதையே சொன்னாய். வாசலில் மாமா உன்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங் கண்ணு, பெத்தவளுக்கு ஒரு ஊசி போடறதுக்கு இத்தன ரோசனையா? காசு நான் குடுத்துப்போட்டேன். உனக்கென்ன?"

"காசுக்காகச் சொல்லலீங்க மாமா. தேவையில்லாத நேரத்துல போட்டு வெச்சா, தேவைப்படற அன்னைக்கு அது வேலை செய்யாமப் போயிருமுங்க."

"ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

"எனக்கும் அந்தப் பயம் இருக்குதுங்க மாமா. என்ற அம்மாதானுங்களே" என்றாய்.

நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இருபத்துச் சொச்சம் வயசில் என் பிள்ளை, தாயை வைத்துக்கொண்டு, சொந்தக்காரர்கள் செய் என்று சொல்வதைச் செய்யாமல் நிற்கிறான். ஊசியைப் போட்டுவிடுவது உனக்குச் சுலபம், யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். அது தெரிந்தும் நீ பொறுத்தாய். நானும் உன்னை நம்பிப் பொறுத்தேன். அன்று சாயங்காலம் டாக்டரம்மாவும் நர்சும் என் உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்தபோது, பாட்டில் ஏறிக்கொண்டிருந்த கால் நரம்பு தடித்துச் சிவந்திருந்தது கட்டுத் துணிக்கு அடியில் தெரிந்தது. ஊசிக் குழாயை எடுத்து வேறு இடத்தில் போட்டார்கள். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. சோதனை முடிவும் ஒன்றுமில்லை என்றே வந்தது. மாமா வாங்கிய பெட்டியை யாரும் பிரிக்கவே இல்லை.

அதே நேரத்தில்தான் சரோஜாவுக்குக் காய்ச்சல் ஏறியது. அவளுக்கு வேறு மாதிரி. புண்ணின் நிறமே மாறிவிட்டது, ஆளை அடையாளம் தெரியாமல் பேசினாள். அவள் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா உன்னிடம் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். அது மாமாவின் பையில் இருந்த ஊசி. மற்ற ஊசி எதற்கும் அந்தக் கிருமி அசையாது என்று தாளில் இருந்தது. ரங்கசாமி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். விலையைக் கேட்கக்கூட அவருக்கு வாய் வரவில்லை. நீ மாமாவைப் பார்த்தாய், ஆனால் கேட்கவில்லை. சொந்தப் பணத்தில் தங்கைக்கு என்று வாங்கியவரிடம் எப்படிக் கேட்பது என்று தவித்தாய். அதனால் நான் கேட்டேன். "ஏனுங்கண்ணா, அது எனக்கு இனி வேண்டாமாமுங்க. அந்தப் புள்ளைக்கு வேணுமாமுங்க" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

உன் மாமா கொஞ்ச நேரம் பையையே பார்த்தார். திருப்பிக் கொடுத்தால் கடைக்காரன் பணம் தருவான் என்பது அவருக்குத் தெரியாதா? எழுந்து போய் பெட்டியை ரங்கசாமி கையில் வைக்கப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து உன் கையில் கொடுத்தார். "நீயே பாத்துப் போடு கண்ணு. எப்பப் போடோணும், எப்ப வேண்டாமுன்னு உனக்குத்தான் தெரீது" என்றார். பிறகு வெளியே போய் ரங்கசாமிக்கு டீ வாங்கிக் கொடுத்து, இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து தென்னைக்கு வந்த நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

சரோஜா பிழைத்தாள். அவளுக்குக் கழுத்துத் தோல் இழுத்துக்கொண்டு இன்னொரு ஆபரேசன் ஆனது. இப்போது பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். எனக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்தார்கள். நான் திரும்பி வந்து முதலில் சுட்ட தோசை வட்டமாக வரவில்லை, நீ அதைத்தான் தின்பேன் என்று வாங்கிக்கொண்டாய்.

அதன்பிறகு வார்டில் ஒரு அலமாரி வைத்தாய். வீட்டுக்குப் போகிறவர்கள் பிரிக்காத மருந்தை விருப்பமிருந்தால் விட்டுப் போகலாம், தேதி பார்த்து, டாக்டரம்மா பார்த்து, வாங்க முடியாதவருக்குப் போகும். ஒன்றே ஒன்றில் மட்டும் நீ கண்டிப்பாக இருந்தாய். பிழைக்காதவர்களின் வீட்டாரிடம் யாரும் எதையும் கேட்கக்கூடாது. உக்கடத்தில் பழ மண்டி வைத்திருந்தவரின் மகள் போனபோது, அவர் பை நிறைய மருந்தோடு கீழே இறங்கினார். வண்டி வரைக்கும் நீ கூடப் போனாய், பையைப் பிடித்து ஏற்றியும் விட்டாய். காரியமெல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் அவரே உன் ஜன்னலில் வந்து நின்றார். "ஊட்ல இதப் பாத்துட்டு இருக்க முடீலீங்க தம்பி. ஆருக்காச்சும் ஆவட்டும்" என்று பையை வைத்தார். நீ நன்றி சொல்லவில்லை என்றாய், அந்த இடத்தில் அந்த வார்த்தை சரியாக இருக்காது என்று. அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் பேசி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தாய். உனக்கு யார் இதையெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள்? நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை கண்ணு. நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், பெருமையில் பங்கு எடுத்துக்கொள்ளலாமா என்று. இது உன்னுடையதுதான்.

போன வாரம் டாக்டரம்மா காரமடைக்குப் போகிற வழியில் நம் மெஸ்ஸில் இறங்கினார். என் கையை விரித்துப் பார்த்தார், மடக்கச் சொன்னார், பிறகுதான் உட்கார்ந்தார். "உங்க பையன அனுப்பறதுக்கு எனக்கு மனசே இல்லீங்க. ஆனா அங்க வார்டு நெம்பப் பெரிசு. போகச் சொல்லுங்க" என்றார். இப்போதெல்லாம் சீட்டு எழுதிவிட்டு, "இத வாங்க முடியுங்களா?" என்று அவரே ஒவ்வொருவரிடமும் கேட்கிறாராம். பேனாவை மூடுவதற்கு முன்னால் அது தானாக வாயில் வந்துவிடுகிறது என்றார். அவர் போனபிறகு உன் அப்பா உன் பைக்கைத் துடைக்கப் போய்விட்டார், காலையில்தான் துடைத்திருந்தார்.

அங்கே போனதும் உனக்கு ஒரு அறை, மேசை, ஃபேன் எல்லாம் கொடுப்பார்கள். வாங்கிக்கொள், உட்கார்ந்து வேலை செய்வதில் தப்பில்லை. ஆனால் தினமும் கொஞ்ச நேரமாவது ஜன்னலில் போய் நில். டாக்டரிடம் சொல்லாததை அங்கேதான் சொல்கிறார்கள். சீட்டை நீட்டிவிட்டுத் தயங்குகிறவர் யாரென்று உனக்குப் பார்த்தவுடன் தெரியும், அவர் வாய் திறப்பதற்குள் நீயே கேட்டுவிடு. கோபக்கார டாக்டர்கள் இருப்பார்கள். மரியாதையாகச் சொல், ஆனால் சொல்லாமல் இருக்காதே. நீ சொல்வது தப்பாக இருந்தால் அவர்கள் திருத்தட்டும், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடு. மெட்ராஸ் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. உன்னால் முடிந்ததெல்லாம் செய்தும் சில பேர் போய்விடுவார்கள், அன்றைக்கு அறையில் தனியாக உட்காராதே, எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் எங்களைக் கூப்பிடு. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மெஸ்ஸுக்கு வருகிறவர்கள் பையன் என்ன வேலை என்று கேட்கிறார்கள். டாக்டரா என்கிறார்கள், மருந்துக்கடை வைத்திருக்கிறானா என்கிறார்கள். பார்மசிஸ்ட் என்று சொன்னால் பாதிப்பேருக்குப் புரிவதில்லை. நேற்று ஒரு பெரியவர் விடாமல் கேட்டார். "வேணுங்கறவங்களுக்கு மருந்து போய்ச் சேருதான்னு பாக்கறானுங்க. வேண்டாத மருந்த வேண்டாமுன்னு சொல்றானுங்க" என்றேன். அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியொரு வேலை இருக்குதுங்களா?" என்றார். "இருக்குதுங்க, என்ற பையன் செய்யறானுங்க" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் இருந்தது. மெஸ்ஸில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போயிட்டு வா கண்ணு.

உன் அம்மா